தாத்தாவுக்குக்கூட இப்படி அழவில்லை

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை நீண்ட நாட்களாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. சொந்த வீட்டு விஷயம் என்பதால் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். கடந்த 2024 அக்டோபர் 16 அன்று லியாம் பெயின் என்ற ஆங்கிலேயப் பாடகர் அர்ஜென்டினாவில் ஓட்டல் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். ‘ஒன் டைரக்‌ஷன்’ என்ற இளைஞர் குழுவில் பாடியவர். வயது 31. செய்தி வந்த நாளிலிருந்து என் மகள் பழைய மகளாக இல்லை. முதல் இரண்டு நாள் வேலைக்கே போகவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் கண் சிவந்து வருவாள், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

அந்தப் பாடகரை இவள் நேரில் பார்த்ததில்லை. அந்தக் குழு பாடுவதை நிறுத்தியே எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் அவர் பெயரை இவள் வாயால் நான் கேட்டதுகூட இல்லை. திடீரென்று எங்கிருந்து வந்தது இவ்வளவு பாசம்? நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்: “தாத்தா செத்தபோதுகூட நீ இப்படி அழவில்லையே?” என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

இது உண்மையான துக்கமா, அல்லது ஊரே அழுவதைப் பார்த்துத் தானும் அழுவதா? உலகில் தினமும் எத்தனையோ நல்லவர்கள் இறக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் யார் அழுகிறார்கள்? போதாக்குறைக்கு, அந்தப் பாடகரோடு திருமணம் நிச்சயிக்கப்பட்டுப் பிரிந்த பெண் அவர் நடத்தையைப் பற்றிப் பகிரங்கமாகப் புகார் சொல்லியிருந்தாராம். அப்படிப்பட்டவருக்காகவா அழுவது?

மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது நானும் வருந்தியவன்தான். அன்று அதிகாலையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். ஆனால் அது வேறு. அவர் ஒரு சகாப்தம்.

நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை வாசித்தேன். கோபத்தில் எழுதிய கடிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். ‘கேட்டதற்கு மட்டும்தான் பதில்’ என்ற வரிக்கு வந்தபோது உங்கள் வலி தெரிந்தது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் துக்கம் உண்மையானது. நீங்கள் அவளிடம் கேட்ட அந்தக் கேள்வி தவறானது. வேண்டுமென்றே கேட்டிருக்கமாட்டீர்கள், ஆனாலும் தவறானதுதான்.

வீட்டில் ஒருவர் இறந்தால் அந்தத் துக்கத்துக்குள் நமக்கென்று ஓர் இடம் தரப்படுகிறது. பேத்தி என்றால் பேத்தியின் இடம். யாராவது வந்து தோளைத் தொடுகிறார்கள். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், யார் எப்போது வந்து சேருவார்கள் என்று கையில் வேலை இருக்கிறது. வருகிறவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசுகிறார்கள், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அழாமல் நின்றாலும் ‘உனக்கு உண்மையிலேயே வருத்தமா?’ என்று யாரும் சோதிப்பதில்லை. உறவே சாட்சி. உங்கள் மகள் தாத்தாவுக்காக எங்கே, எப்போது, எவ்வளவு அழுதாள் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களை அழவிடுவதற்காக அவள் அன்று திடமாக நின்றிருக்கலாம். இறந்தவர் உங்கள் அப்பாவோ உங்கள் மனைவியின் அப்பாவோ, அந்த வீட்டில் முதல் அழுகை உங்கள் இருவருக்கும் உரியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு பாடகன் இறந்தால் ரசிகைக்கு இதில் எதுவும் கிடையாது. போய் நிற்க ஒரு வாசல் இல்லை. துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். விடுப்புக் கடிதத்தில் காரணமாக எழுத முடியாது. எழுதினால் சிரிப்பார்கள். தன் வருத்தம் நியாயமானது என்று அவளே வாதாட வேண்டும், அதுவும் அழுதுகொண்டிருக்கும்போதே. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் இத்தகைய துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், உரிமை மறுக்கப்பட்ட துக்கம். துக்கப்படுவதற்கு உனக்கு என்ன உரிமை என்று சமூகம் கேட்கும் துக்கங்களை எல்லாம் அந்தப் பெயருக்குள் கொண்டுவந்தார். முன்னாள் கணவன் இறந்தால் பிரிந்த மனைவிக்கு வரும் துக்கம், கருவிலேயே போன குழந்தைக்கான துக்கம், இப்படி. உங்கள் கேள்வி அந்த மறுப்பைத்தான் செய்தது. அவள் பதில் சொல்லாமல் நிமிர்ந்து பார்த்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

‘நேரில் பார்த்ததில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசுகிறார், நாமும் மனத்துக்குள் பதில் சொல்கிறோம், நாள் போகப்போக அவரை நமக்குத் தெரியும் என்று ஆகிவிடுகிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே ஓடும் உறவு. அது குறைபட்ட உறவு என்று வாதாடலாம். ஆனால் பாட்டின் விஷயத்தில் எனக்கு அந்த வாதத்தில் ஒப்புதல் இல்லை. பாட்டில் ஒருவரின் குரல் நம் உடம்புக்குள் வந்துவிடுகிறது. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாமும் மூச்சு வாங்குகிறோம். பத்து வயதில் ஒரு பாட்டை நூறு முறை கூடவே பாடிய பெண்ணுக்கு அந்தப் பாடகனின் மூச்சு எங்கே நிற்கும் என்று தெரியும். நேரில் பழகியவர்கள் எத்தனை பேரைப் பற்றி நமக்கு அவ்வளவு தெரியும்?

என் கதையைச் சொல்கிறேன். மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பம் 1982 நவம்பர் இறுதியில் வெளியானது. என்னிடம் வந்து சேர்ந்தது பல ஆண்டுகள் கழித்து, நகலின் நகலாக. ஒரு பழைய கேசட். அறுபது நிமிடக் கேசட் அது, ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். யாரோ அளவு பார்க்காமல் பதிவு செய்திருந்தார்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில், ஒரு சொல்லின் நடுவில், டக் என்று நின்றுவிடும். மீதி எப்படிப் போகும் என்று எனக்கு வெகுநாள் தெரியாது, நானாக ஒரு முடிவைக் கற்பனை செய்து பாடிக்கொள்வேன். பின்னாளில் முழுப்பாட்டையும் கேட்டுவிட்டேன். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சொல் நெருங்கும்போது என் காது அந்த ‘டக்’ சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மேசை, அதில் ஒரு விளக்கு, பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், எல்லாம் இருக்கிறது. அந்த மனிதர் இப்போது இல்லை. 2009-இல் ஜாக்சன் இறந்த செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவில் வந்தது அவருடைய நடனம் இல்லை. அந்த இருமல்தான்.

உங்கள் மகளுக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கு எளிது. அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 2011-இல் வந்தது, அப்போது அவளுக்கு ஒன்பது வயது. குழு ஓய்வெடுக்கப் போனது 2016 தொடக்கத்தில், அப்போது பதின்மூன்றோ பதினான்கோ. ஒரு பெண் குழந்தைமையிலிருந்து வெளியே வரும் ஆண்டுகள் முழுவதும் பின்னணியில் அந்த ஐந்து பேரின் குரல்தான். லியாம் பெயினின் கதையில் அவளுக்குப் பிடித்திருக்கக்கூடிய ஒன்றும் உண்டு. 2008-இல் பதினான்கு வயதில் பிரிட்டனின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து வா என்று திருப்பி அனுப்பினார்கள். சொன்னபடியே 2010-இல் மறுபடியும் வந்து நின்றார். தனித்தனியாகப் பாட வந்த ஐந்து பையன்களைச் சேர்த்து ஒரு குழுவாக்கினார்கள். போட்டியில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். தோற்றுப்போய் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் இன்னொரு முறை போய் நிற்கலாம் என்று ஒன்பது வயதுக் குழந்தைக்கு வேறு யார் இவ்வளவு அழகாகச் சொல்லித்தர முடியும்?

‘இடையில் பெயரைக்கூடச் சொல்லிக் கேட்டதில்லை’ என்கிறீர்கள். துக்கம் போலி என்பதற்கு அதை ஆதாரமாக வைக்கிறீர்கள். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். வளர்ந்த பிறகு சிறுவயதுப் பிரியங்களைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். அதிலும் சிறுமிகள் விரும்பும் பாட்டு என்றால் உலகம் முழுக்க ஓர் இளக்காரம் உண்டு. அந்த இளக்காரத்துக்கு அஞ்சியே பல பெண்கள் அந்தப் படங்களைச் சுவரிலிருந்து எடுக்கிறார்கள். அதோடு இந்தச் சாவில் குற்ற உணர்வும் கலந்திருக்கிறது. இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை லியாம் பெயின் இணையத்தில் கேலிப்பொருளாக இருந்தார். அவர் பேசியது, உடுத்தியது, எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பழைய ரசிகர்களும் இருந்தார்கள். புவெனஸ் ஐரிஸில் அந்த ஓட்டல் வாசலிலும், லண்டனில் பீட்டர் பான் சிலையைச் சுற்றியும் மெழுகுவத்தியோடு நின்றவர்களில் தங்களையே மன்னிக்க முடியாமல் நின்றவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். உங்கள் மகள் அவர்களில் ஒருத்தி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் மறந்திருந்தோமே என்ற உறுத்தலே போதும், ஒருத்தியைச் சுவரைப் பார்த்துப் படுக்கவைக்க.

ஊர் அழுவதைப் பார்த்து அழுகிறாளா என்று கேட்டீர்கள். ஊர் அழுவது எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 2009 ஜூன் 25, லாஸ் ஏஞ்சலஸ் நேரப்படி பிற்பகல் 2.26-க்கு ஜாக்சன் இறந்ததாக மருத்துவமனையில் அறிவித்தார்கள். வயது 50. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் பெயரைத் தேடியவர்களின் எண்ணிக்கையைக் கண்டு, யாரோ தன்மீது தாக்குதல் தொடுக்கிறார்கள் என்றே கூகுள் நினைத்துவிட்டது. தேடியவர்களுக்குச் சிறிது நேரம் பதில் வராமல் எச்சரிக்கைதான் வந்தது. ட்விட்டர் தடுமாறியது. விக்கிப்பீடியா திணறியது. ஜூலை 7 அன்று ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் நடந்த நினைவு நிகழ்ச்சிக்கு 17,500 இலவச டிக்கெட்டுகள். குலுக்கலுக்குப் பதிவு செய்தவர்கள் 16 லட்சம் பேர்.

எண்கள் இருக்கட்டும். அந்த நாளிலிருந்து என் மனத்தில் தங்கிப்போனது ஒரு சிறிய சம்பவம். ஹாலிவுட்டில் நடைபாதை முழுக்கக் கலைஞர்களின் பெயர் பொறித்த நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். செய்தி பரவியதும் ரசிகர்கள் பூவோடும் மெழுகுவத்தியோடும் அங்கே ஓடினார்கள். ஆனால் அன்று மாலை அந்த இடத்தில் ஒரு படத்தின் முதல் காட்சிக்கான ஏற்பாடு. ஜாக்சனின் நட்சத்திரத்தை மறைத்துத் தடுப்பு போட்டிருந்தார்கள், நெருங்க முடியவில்லை. அதே நடைபாதையில் இன்னோர் இடத்தில் இன்னொரு மைக்கேல் ஜாக்சனின் நட்சத்திரம் இருந்தது. அவர் பாடகர் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் பல காலம் நிகழ்ச்சி நடத்தியவர், வயதானவர், அப்போது உயிரோடு இருந்தவர். மக்கள் அந்தக் கல்லில் போய்ப் பூவை வைத்தார்கள். ஆள் மாறியது தெரியாமல் வைத்தவர்களும் உண்டு, தெரிந்தே வைத்தவர்களும் உண்டு. செய்தி வாசித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் பூவோடு ஓடிவந்தவளுக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்தப் பெயர் எழுதிய கல் ஒன்று கிடைத்தது, வைத்தாள். அவ்வளவுதான். அந்த வானொலிக்காரரும் அதைப் புரிந்துகொண்டார். தாராளமாக இரவல் தருகிறேன், அவர் திரும்பி வருவார் என்றால் நட்சத்திரத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் சொன்னார். தன் பெயர் மீது குவிந்த யாருக்கோ உரிய பூக்களைப் பார்த்து உயிரோடிருக்கும் ஒரு மனிதர் இவ்வளவு பெருந்தன்மையாகப் பேச முடிந்திருக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதைவிட விசித்திரமாக ஒன்று நடந்தது. ஜாக்சன் அந்த ஊருக்கு வந்தால் தங்கும் ஓட்டலுக்கு எதிரில் ஒரு சிலை இருக்கிறது. ஒர்லாண்டோ டி லாசோ என்ற இசையமைப்பாளரின் சிலை. 1594-இல் இறந்தவர், தேவாலய இசை எழுதியவர். அந்தச் சிலையின் பீடத்தைச் சுற்றி ஜாக்சனின் படங்களையும் பூக்களையும் மெழுகுவத்திகளையும் வைக்கத் தொடங்கினார்கள். பதினைந்து ஆண்டுகளாகியும் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வாடிய பூவை எடுத்துப் புதிதாக வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பாட்டுக்காரர் இன்னொரு பாட்டுக்காரருக்குக் காலடியில் இடம் கொடுத்து நிற்கிறார். ஊரைப் பார்த்து அழுகிறவர்கள் பதினைந்து ஆண்டுகள் அழமாட்டார்கள்.

உங்கள் அடுத்த கேள்விக்கு வருகிறேன். தினமும் எத்தனையோ நல்லவர்கள் இறக்கிறார்களே, அவர்களுக்கு யார் அழுகிறார்கள்? இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. 2012 பிப்ரவரியில் பாடகி விட்னி ஹூஸ்டன் இறந்தபோது, இறுதிச் சடங்கு நாளில் நியூ ஜெர்சி மாநிலத்தில் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடும்படி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி உத்தரவிட்டார். போர்வீரர்களுக்குச் செய்யும் மரியாதையைப் போதைப் பழக்கம் உள்ள ஒரு பாடகிக்குச் செய்வதா என்று எதிர்ப்பு வந்தது. அந்தப் பழக்கம் இருந்தது என்பதற்காக அவர் செய்த நல்ல காரியங்கள் இல்லாமல் போய்விடா என்று கிறிஸ்டி உறுதியாகச் சொன்னார். கொடி விஷயத்தில் விவாதம் இருக்கலாம், அது அரசு தரும் மரியாதை. கண்ணீர் அப்படிப்பட்டதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்காக நீங்கள் அழுதபோது அதே நாளில் இறந்த மற்றவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. உங்கள் மகளும் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை.

கடைசியாக அந்தப் புகார்கள். இங்கேதான் நான் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன், எனக்கே இதில் நிம்மதி கிடையாது.

சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஜாக்சன் மீது முதல் புகார் 1993-இல் வந்தது, 1994-இல் பணம் கொடுத்து நீதிமன்றத்துக்கு வெளியே முடித்தார்கள். இரண்டாவது வழக்கு விசாரணைக்குப் போனது, 2005 ஜூன் 13 அன்று எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2019-இல், சிறுவயதில் தங்களுக்கு நேர்ந்ததாக இரண்டு ஆண்கள் சொன்னதை ஓர் ஆவணப்படம் காட்டியது. அதைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் கேசட்டைப் பழையபடி கேட்க முடியவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. இரண்டுமே உண்மை.

ஆனால் அந்த ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் ஓடிய சில பஸ்களில் ஒரு விளம்பரம் இருந்தது. ஜாக்சனின் முகம், வாயின் மீது ‘நிரபராதி’ என்ற சொல், கூடவே உண்மைகள் பொய் சொல்வதில்லை, மனிதர்கள்தான் சொல்கிறார்கள் என்ற வாசகம். ரசிகர்கள் பணம் திரட்டி வைத்தது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்காகப் பாடுபடும் அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்ததும் அதை எடுத்துவிட்டார்கள். அப்படிக் கொடுமைக்கு ஆளான ஒருவர் காலையில் வேலைக்குப் போகப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். அந்தப் பஸ் வந்து அவர் முன்னால் நிற்கிறது. அவரைப் பார்த்து நீ பொய் சொல்கிறாய் என்கிறது. அந்த விளம்பரத்தை வைத்தவர்கள் துக்கத்திலிருந்துதான் அதைச் செய்தார்கள், சந்தேகம் இல்லை. அது மன்னிக்க முடியாத காரியம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. லியாம் பெயின் இறந்த பிறகு, அவரோடு நிச்சயமாகிப் பிரிந்த அந்தப் பெண்ணின் இணையப் பக்கங்களில் போய் வசைபாடியவர்களும் அதே காரியத்தைத்தான் செய்தார்கள். தன் அனுபவத்தைச் சொன்ன ஒரு பெண்ணை ஒரு சாவுக்குப் பொறுப்பாளியாக்க முயன்றார்கள்.

இதையெல்லாம் உங்கள் மகள் செய்தாளா? நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. அவள் அழுதாள். அழுவது விடுதலைத் தீர்ப்பு கிடையாது. அந்தப் பெண் சொன்னது பொய் என்று உங்கள் மகளின் கண்ணீர் எங்கும் சொல்லவில்லை. ஒருவேளை அவளுக்கும் அந்தப் புகார்கள் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அவள் துக்கம் நீங்கள் நினைப்பதைவிடக் கடினமானது. நேசித்த ஒருவரைப் பற்றி நம்பத்தகுந்த ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது, அவர் இறந்தும்விட்டார், இனி அவர் பதில் சொல்லவோ திருந்தவோ மன்னிப்புக் கேட்கவோ வழியில்லை. அதை இருபத்திரண்டு வயதில் தனியாகச் சுமப்பது எளிதா?

என் கோபம் எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. லியாம் பெயின் இறந்த சில மணி நேரத்தில் ஓர் அமெரிக்க இணையச் செய்தித்தளம் அவர் உடலின் ஒரு பகுதி தெரியும் படங்களை வெளியிட்டது. உடலில் குத்தியிருந்த பச்சையை வைத்து அவர்தான் என்று அடையாளம் காட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். 2009-லும் ஆம்புலன்ஸ் கண்ணாடி வழியாக எடுத்த ஜாக்சனின் படம் உலகம் முழுக்கப் போனது. வருடக்கணக்காக அவரை இழிபெயரால் அழைத்த பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர் இறந்ததும் பக்கம் பக்கமாகப் புகழாரம் வெளியிட்டன. உயிரோடு இருக்கும்போது கல்லெறிந்த அதே கைதான் மாலையோடு வந்தது. நாடகம் என்ற சொல்லை யார் மீதாவது வீச வேண்டும் என்றால் இங்கே வீசுங்கள்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். ஜாக்சன் லண்டனில் 50 நிகழ்ச்சிகள் நடத்துவதாக இருந்தது. முதல் நிகழ்ச்சிக்குச் சில வாரங்களே இருந்தபோது இறந்துபோனார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது பணத்தை விட்டுவிட்டு, நடக்கப்போகாத நிகழ்ச்சியின் டிக்கெட்டை நினைவுக்காகப் பெறலாம். டிக்கெட்டே போதும் என்றவர்கள் பலர். அந்தக் காகிதம் இன்று யாருடைய மேசை இழுப்பறையிலோ இருக்கும். விற்பனைக் கணக்கு எழுதுகிறவர்கள் அதையும் வியாபாரம் என்பார்கள். எனக்கு அது வேறாகத் தெரிகிறது.

துக்கத்துக்கு ஒரே வடிவம் என்றும் இல்லை. 1980 டிசம்பரில் பாடகர் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் மனைவி யோகோ ஓனோ இறுதிச் சடங்கு எதுவும் வைக்கவில்லை. டிசம்பர் 14 அன்று பத்து நிமிடம் மௌனமாக இருங்கள் என்று மட்டும் உலகத்தைக் கேட்டுக்கொண்டார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பெருங்கூட்டம் சத்தமில்லாமல் நின்றது. வானொலி நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தின. பாட்டுக்காரனுக்காகப் பாட்டை நிறுத்தினார்கள். 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் இறந்தபோது மினியாபொலிஸ் நகரத்தார் நேர்மாறாகச் செய்தார்கள். அவர் பாடி வளர்ந்த அரங்கில் கூடி, விடிய விடிய அவருடைய பாட்டுக்கே ஆடினார்கள். உங்கள் மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு காதில் பாட்டைப் போட்டுக்கொண்டாள். மௌனமும் உண்டு, பாட்டும் உண்டு.

தமிழில் இதற்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: கையறுநிலை. காத்தவன் இறந்தபின் செயலற்று நின்று புலம்புவதற்கு இலக்கணத்தில் ஒரு துறையே வகுத்தார்கள். அங்கே இறந்தவன் தலைவன், அழுகிறவன் பாணன், புலவன். இங்கே பாணன் இறந்துவிட்டான், கேட்டவர்கள் அழுகிறார்கள். பாணனுக்கு அழுவதற்குப் பாட்டு இருந்தது. கேட்டவர்களுக்கு அவன் பாடிய பாட்டைத் திரும்பப் போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

‘ஆனால் அது வேறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எது வேறு? ஜாக்சன் சகாப்தம், இந்தப் பையன் அப்படியில்லை என்கிறீர்கள். கலையை எடைபோடும்போது நானும் அதையே சொல்வேன். ஆனால் அன்று அதிகாலை நீங்கள் தொலைக்காட்சி முன்னால் ஒரு சகாப்தத்துக்காக உட்கார்ந்திருக்கவில்லை. சகாப்தங்களுக்காக யாரும் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவதில்லை. உங்களுக்கும் எங்கோ ஒரு கேசட் இருந்திருக்கும், ஒரு ‘டக்’ சத்தம் இருந்திருக்கும். அன்று நீங்கள் அழுதீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. வருந்தினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அன்று யாராவது உங்களிடம் வந்து ‘இதற்கெல்லாமா?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

2009 ஜூனில் உங்கள் மகளுக்கு ஏழு வயது. அந்த அதிகாலையில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அப்பா ஏன் தொலைக்காட்சி முன்னால் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருக்கலாம். உங்களுக்கு நினைவில்லாமல் போயிருக்கும், ஏழு வயதுக் குழந்தைகளுக்கு இப்படிப்பட்டவை நினைவிருக்கும். அவளிடம் கேளுங்கள். அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால், தாத்தாவை நடுவில் இழுத்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்காமல். பிறகு அவள் காதில் மாட்டியிருப்பதில் ஒன்றைக் கழற்றி உங்களிடம் தருவாளா என்று பாருங்கள். தந்தால், அந்தப் பாட்டு முடியும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்.